நான்காம் சங்கத்தின் அன்றாட வேலை

என் பாட்டனார் விட்டுச்சென்ற பொருள்களில் ஒரு மரப்பெட்டியும் உண்டு. நிலத்துப் பத்திரங்களும் தீர்வை ரசீதுகளும் அதில் இருக்கும் என்று எண்ணித்தான் நான் அதைத் திறந்தேன். மேலாக இருந்தது ஒரு நெல் கணக்குப் புத்தகம். முன் பக்கங்களில் கலக்கணக்கும் மரக்கால் கணக்கும் இருந்தன. பின்பக்கம் திருப்பிப் பார்த்தபோதோ, நன்னூற் சூத்திரங்களும் அவற்றுக்குரிய உதாரணங்களும், 'இது வினாவாக வரக்கூடும்' என்ற குறிப்புகளும் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. அதற்கு அடியில் 'செந்தமிழ்' என்னும் மாதப் பத்திரிகையின் பழைய இதழ்கள், சணல் நூலால் தைத்துக் கட்டியபடி கிடந்தன.

என் பாட்டனார் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் பயிர்த்தொழில் செய்துகொண்டு, ஓய்ந்த வேளைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் எழுத்தறிவித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பிரவேச பண்டிதப் பரீட்சையில் அவர் தேறினார். அடுத்த படியாகிய பால பண்டிதத்தில் இருமுறை தவறினார். மூன்றாவதாகிய பண்டிதத்தை அவர் எட்டவே இல்லை. இவ்வளவும் என் தந்தையார் சொல்லக் கேட்டவை. தவறிப்போன ஒரு பரீட்சைக்குரிய குறிப்புகளை ஒருவர் தம் ஆயுள் முழுவதும் ஏன் காப்பாற்றி வைக்க வேண்டும்? அந்தப் பெட்டியின் முன் அமர்ந்தபோது என்னுள் எழுந்த கேள்வி இது. இதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இன்று நேயர்களாகிய உங்கள் முன் நான் வைக்கும் இச்சிறு வரலாறு.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பாண்டிய மன்னரையும், சங்கப் பலகையையும், பொற்றாமரைக் குளத்தையும் நினைவூட்டித் தொடங்குவார்கள். பழைய மூன்று சங்கங்களுக்குப் பின் தோன்றிய நான்காம் சங்கம் இது என்று பாராட்டுவார்கள். அப்பாராட்டில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும் நான் அறிய விரும்பியது வேறு. எழுதுவோரும் படிப்போரும் கூடுவதற்கென்று ஏற்பட்ட அந்த இடம் திங்கள்தோறும், ஆண்டுதோறும் செய்த வேலை யாது? அதன் கதவு யாருக்குத் திறந்தது? தோற்றுவித்த பெரியோர் மறைந்த பின்னும் அது எதனால் நின்றது?

சங்கம் தோன்றிய 1901-ஆம் ஆண்டில் தமிழ் நூல்கள் இருந்த நிலையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் முதல் நாளில், சனவரி 1-இல், யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை காலமானார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் வெளியிட்டிருந்தார். இவை மிகப் பெரிய காரியங்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரின் தோள்மேல் ஏறிய சுமை. ஏடு தேடி அலைவதும், படியெடுப்பதும், பாடம் ஒப்புநோக்குவதும், அச்சுக்கூலிக்குப் பொருள் திரட்டுவதும், விற்பதும், விற்காத பிரதிகளுக்காக வருந்துவதும் ஒருவரே செய்ய வேண்டியிருந்தது. அவர் உடல் நலிந்தால் வேலை நின்றது; அவர் மறைந்தால் சேர்த்த ஏடுகள் சிதறின. இத்தகைய உழைப்பைத் தாங்குவதற்குப் பொதுவான ஓரிடம் அன்று தமிழ்நாட்டில் இல்லை.

அவ்விடத்தை உண்டாக்கியவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1867-இல் பிறந்த அவர், தமிழ்ப் புலவர்களைப் போற்றிய பொன்னுசாமித் தேவரின் மைந்தர். 1901-இல் அவர் மதுரைக்கு வந்திருந்தபோது, சொற்பொழிவு ஒன்றுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டுமென்று கேட்டாராம். நகரில் பலரிடம் தேடியும் உடனே ஒரு பிரதி கிடைக்கவில்லையாம். தமிழ் வளர்த்த மதுரையிலேயே குறள் கிடைக்கவில்லையே என்று அவர் உள்ளம் நொந்ததாகவும், அந்த வருத்தமே சங்கத்துக்கு வித்தானதாகவும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்று உண்டு. தேவருக்குச் செல்வம் இருந்தது. அவர் விரும்பியிருந்தால் ஆயிரம் குறட்பிரதிகளை அச்சிட்டு வழங்கிப் புகழ் பெற்றிருக்கலாம். அல்லது ஒரு பெரிய விழா எடுத்துப் புலவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பியிருக்கலாம். இரண்டும் ஓராண்டில் மறந்துபோகும். அவர் செய்தது, நாள்தோறும் செய்து தீரவேண்டிய வேலைகளைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் ஒரு ஸ்தாபனத்தை அமைத்ததாகும்.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் நாள் மதுரையில் சங்கம் தொடங்கப்பெற்றது. தேவர் தலைமை ஏற்றார். அவருடைய உறவினரும் இராமநாதபுரத்து மன்னருமான பாஸ்கர சேதுபதி துணை நின்றார். சாமிநாதையர், சேது சமஸ்தான வித்துவான் இரா. இராகவையங்கார் முதலிய புலவர் பெருமக்கள் சங்கத்தோடு தொடர்பு பூண்டனர். சங்கத்தின் வேலைகள் நான்கு கிளைகளாகப் பிரிந்தன. தமிழ் கற்பிக்கச் செந்தமிழ்க் கலாசாலை. படிக்கவும் ஏடுகளைப் பாதுகாக்கவும் பாண்டியன் புத்தகசாலை. நூல்களையும் பத்திரிகையையும் அச்சிடத் தமிழ்ச் சங்க முத்திராசாலை. கற்றவரைச் சோதித்துத் தகுதி அளிக்கப் பண்டிதப் பரீட்சைகள். இந்நான்கும் ஒன்றையொன்று தாங்கின. புத்தகசாலையில் சேர்ந்த ஏட்டைக் கலாசாலையின் ஆசிரியர் ஆராய்ந்தார். ஆராய்ந்ததை முத்திராசாலை அச்சிட்டது. அச்சான நூல் மாணவர் கைக்கு வந்தது. பரீட்சையில் தேறியவர் பின்னர்ப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். ஏற்றத்தில் ஒருவர் மிதிக்க மற்றொருவர் சாலைப் பிடித்து இறைப்பதுபோல, ஒருவர் வேலை மற்றவர் வேலையை இழுத்துச் சென்றது.

இவற்றுள் பரீட்சையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் என் பாட்டனாரைப் போன்றவர்களுக்குச் சங்கம் திறந்து வைத்த வாயில் அதுவே. அக்காலத்தில் உயர்ந்த தமிழ் நூல்களைக் கற்க விரும்புவோர் ஒரு மடத்தையோ, ஒரு சமஸ்தானத்தையோ, பெரும் புலவர் ஒருவரையோ அடுத்து வாழ வேண்டியிருந்தது. அதற்குப் பிறப்பும் பொருளும் அறிமுகமும் வேண்டும். சங்கமோ கற்க வேண்டிய நூல்கள் இன்னவை என்று வரையறுத்தது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படிகள் வைத்தது. படித்த இடம் மடமாயினும் மாட்டுக்கொட்டிலாயினும், விடைத்தாளில் என்ன இருக்கிறது என்பதே அங்குக் கணக்கு.

தஞ்சையை அடுத்த நடுக்காவேரி என்னும் ஊரில் 1884-இல் பிறந்தவர் ந. மு. வேங்கடசாமி நாட்டார். உழவர் குடும்பத்துப் பிள்ளை. பெரும் புலவர் ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. நூல்களைத் தாமே வாங்கிப் படித்தார். 1905-இல் பிரவேச பண்டிதம், 1906-இல் பால பண்டிதம், 1907-இல் பண்டிதம் என்று ஆறாண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் முடித்து, மூன்றிலும் முதன்மை பெற்றார். சங்கம் அவருக்குப் பொற்பரிசு அளித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. பின்னாளில் திருச்சிராப்பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்தார். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதினார். இன்று சிலம்பைப் படிப்போர் கையிலெடுக்கும் உரைகளில் நாட்டார் உரையும் ஒன்று. அவ்வுரைக்குப் பின்னால் ஓர் உழவர் வீட்டு விளக்கும், மதுரையிலிருந்து வந்த ஒரு பாடப்பட்டியலும் இருக்கின்றன.

கடலுக்கு அப்பாலும் அந்த வாயில் திறந்திருந்தது. ஈழத்தின் கீழைக் கரையில் காரைதீவு என்னும் ஊரில் 1892-இல் பிறந்த மயில்வாகனன் என்னும் இளைஞர், கொழும்பில் விஞ்ஞானம் பயின்று பட்டயம் பெற்றவர். அவர் 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார். துறவு பூண்ட பின் விபுலாநந்த அடிகள் என்று தமிழுலகம் போற்றியவர் இவரே. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவருக்குப் பத்தாண்டுகள் கழித்து, 1926-இல், யாழ்ப்பாணத்துச் சி. கணபதிப்பிள்ளை அதே பரீட்சையில் தேறினார். பண்டிதமணி என்று பிற்காலத்தில் ஈழத்தவர் அழைத்தது இவரைத்தான். மதுரையில் ஒரு மண்டபத்தில் தயாராகிய வினாத்தாள், வைகைக் கரையையும் காவிரிக் கரையையும் மட்டக்களப்பு வாவிக் கரையையும் ஒரே வகுப்பாக்கியது என்றால் மிகையன்று.

அடுத்தது 'செந்தமிழ்' பத்திரிகை. சுபகிருது வருஷம் கார்த்திகையில், அதாவது 1902-ஆம் ஆண்டின் இறுதியில், அது தொடங்கிற்று. முதற்கண் இரா. இராகவையங்காரும், அவருக்குப் பின் மு. இராகவையங்காரும், அவருக்குப் பின் நெடுங்காலம் திரு. நாராயணையங்காரும் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றனர். மாதப் பத்திரிகை என்பது எளிய சொல். நடத்திப் பார்த்தவருக்கே அதன் கடுமை தெரியும். ஆண்டுக்கொரு முறை விழா நடத்த ஊக்கம் போதும். திங்களுக்கொரு முறை இதழ் வெளிவர ஒழுங்கு வேண்டும். கட்டுரை வந்து சேர வேண்டும். பிழை திருத்த வேண்டும். அச்சு முடிய வேண்டும். அஞ்சலில் சேர்க்க வேண்டும். அடுத்த திங்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஒழுங்கினால் விளைந்தது மிகப் பெரிது. ஏட்டில் உறங்கிய சிறு நூல்கள் பல 'செந்தமிழ்' வழியாகவும் சங்கத்தின் பிரசுரங்களாகவும் வெளிவந்தன. கீழ்க்கணக்கு நூல்களாகிய ஐந்திணை ஐம்பதும் திணைமாலை நூற்றைம்பதும் அவற்றுட் சில. தனியொரு புத்தகமாக அச்சிட எவரும் துணியாத சிறிய நூலையும் பத்திரிகையின் சில பக்கங்களில் ஏற்றிவிட முடிந்தது. அது தவிர, ஒரு புலவர் எழுதிய கருத்தை மற்றொருவர் மறுத்து எழுதவும், மறுப்புக்கு மறுப்பு வரவும் களம் கிடைத்தது. தமிழில் ஆராய்ச்சிக் கட்டுரை என்று இன்று நாம் சொல்லும் வகை வளர்ந்த இடங்களில் 'செந்தமிழ்' தலையாய ஒன்றாகும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், அதாவது பரிதிமாற் கலைஞர், 1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிப் படிப்பை விலக்கும் யோசனை எழுந்தபோது அதனை எதிர்த்து உழைத்தவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று நிறுவும் கட்டுரையை அவர் 'செந்தமிழின்' தொடக்க காலத்திலேயே எழுதினார். 1903 நவம்பரில், முப்பத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது 2004-ஆம் ஆண்டில். ஒரு மாதப் பத்திரிகையில் ஓர் இளைஞர் வைத்த வழக்கு தீர்ப்புப் பெற ஒரு நூற்றாண்டு சென்றது. அவ்வளவு காலம் அவ்வழக்கு உயிரோடிருந்ததற்கு, அது அச்சில் ஏறி, புத்தகசாலைகளில் தங்கி, அடுத்தடுத்த தலைமுறையின் கைக்கு எட்டியதும் ஒரு காரணமன்றோ?

சங்கம் வெளியிட்ட பெரு நூல்களையும் சொல்ல வேண்டும். சென்னையில் ஆசிரியராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி'யை வெளியிட முன்வருவார் இன்றி அவர் பலரை நாட நேர்ந்தது. பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910-இல் அது மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. புராணப் பெயர், புலவர் பெயர், ஊர், நூல் என எதைத் தேடினும் இன்றும் அந்நூலைப் புரட்டாத தமிழாசிரியர் அரியர். யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த தமிழ்ச் சொல்லகராதியின் வரலாறு இன்னும் நெஞ்சைத் தொடுவது. அவர் 1904-இல் காலமானார். தொகுத்தவர் மறைந்த பின் அவ்வகராதியைச் சங்கம் தன் பொறுப்பில் ஏற்று, முதற் பகுதியை 1910-லும், இரண்டாம் பகுதியை 1912-லும், மூன்றாம் பகுதியை 1923-லும் வெளியிட்டது.

இந்த ஆண்டுகளைக் கூர்ந்து நோக்குமாறு நேயர்களை வேண்டுகிறேன். பாஸ்கர சேதுபதி 1903 டிசம்பரில் மறைந்தார். பாண்டித்துரைத் தேவர் 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அதாவது, அகராதியின் முதற் பகுதி வந்தபோது தொகுத்தவர் இல்லை. இரண்டாம் பகுதி வந்தபோது ஆதரித்த புரவலரும் இல்லை. ஆயினும் மூன்றாம் பகுதி வெளிவந்தது. அகரத்தில் தொடங்கியது னகரம் வரை சென்று முடிந்தது. மயில்வாகனன் பரீட்சை எழுதியதும், கணபதிப்பிள்ளை பரீட்சை எழுதியதும் தேவர் மறைந்த பின்னரே. மு. இராகவையங்கார் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பணிக்குச் சென்றார், 'செந்தமிழ்' நிற்கவில்லை. அவர் தொகுத்த, 2000-க்கும் மேற்பட்ட பழந் தனிப்பாடல்களைக் கொண்ட 'பெருந்தொகை', 1930-களில் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாகவே வந்தது. ஆள் சென்றாலும் உறவு அறவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறையே ஒழிந்தது. ஜமீன்தார் ஒருவர் நிறுவிய சங்கமோ, அதற்குப் பின்னும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இது எதனால் கூடியது? நான் கண்ட விடை எளிது. தேவர் தம் புகழுக்கு ஒரு மண்டபம் கட்டியிருந்தால், அவரோடு அது பாழாயிருக்கும். அவர் விட்டுச் சென்றது அடுத்த இதழையும் அடுத்த பரீட்சையையும் முடிக்காத அகராதியையும். அடுத்த திங்கள் இதழை எதிர்பார்த்து எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். அடுத்த பரீட்சைக்கு எங்கோ ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார். காத்திருப்பவர் உள்ளவரை கடமையும் உண்டு. கடமை உள்ளவரை ஸ்தாபனம் உண்டு.

புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போவது வரலாறாகாது. இச்சங்கத்துக்கு எல்லைகளும் இருந்தன. அதன் கண் பெரும்பாலும் பழைய ஏட்டின் மீதே நிலைத்தது. தமிழில் நாவலும் சிறுகதையும் வளர்ந்தது இதன் முற்றத்தில் அன்று. 1893 முதல் 1895 வரை இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 'விவேக சிந்தாமணி'யில் வந்தது. 1933-இல் சிறுகதைக்குப் புத்துயிர் தந்த 'மணிக்கொடி' சென்னையில் தோன்றியது. வாழும் மக்களின் பேச்சும் கவலையும் இலக்கியமாகலாம் என்ற எண்ணத்துக்குப் பண்டிதப் பரீட்சையில் இடம் இருக்கவில்லை. நெட்டுருப் போட்டவன் தேறவும், நெஞ்சில் தமிழ் ஊறியவன் தவறவும் பரீட்சை என்பது வழிசெய்யும் என்ற குறையும் உண்டு. என் பாட்டனாருக்கு நேர்ந்தது எவ்வகை என்று நான் தீர்ப்புக் கூற மாட்டேன். பேரன் சொல்லும் சாட்சி செல்லாது.

ஆனால் நல்ல விதையின் குணம், தான் விழுந்த இடத்தில் மட்டும் முளைக்காமல் காற்றில் பறந்தும் முளைப்பது. தேவர் மறைந்த 1911-ஆம் ஆண்டிலேயே, மே மாதம் 14-ஆம் நாள், தஞ்சையை அடுத்த கரந்தையில் த. வே. இராதாகிருஷ்ணன் பிள்ளையின் முயற்சியால் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அவர் தமையனார் உமாமகேசுவரனார் தலைமையில் அது தழைத்தது. மதுரையில் 'செந்தமிழ்' போலக் கரந்தையில் 1925-இல் 'தமிழ்ப்பொழில்' பிறந்தது. மதுரைப் பரீட்சையில் தேறிய விபுலாநந்த அடிகள், பழந்தமிழ் யாழ்களைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அடுத்த மாதமே, ஜூலை 19-ஆம் நாள், அடிகள் மறைந்தார். ஒரு சங்கம் 1916-இல் ஓர் இளைஞருக்குத் தமிழ்த் தகுதி அளித்தது. மற்றொரு சங்கம் 1947-இல் அவர் வாழ்நாள் உழைப்பை நூலாக்கி அவர் கண்ணாற் காணச் செய்தது. இடையில் முப்பத்தோர் ஆண்டுகள். எழுத்தாளனுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான் போலும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் மதுரைக்குச் சென்றிருந்தேன். சிம்மக்கல்லில் இறங்கித் தமிழ்ச் சங்கச் சாலைக்கு வழி கேட்டேன். பூக்கூடையுடன் நின்ற ஓர் அம்மையார், "இந்தாலே நேரே போங்கய்யா" என்று கை காட்டினார். ஒரு சாலைக்கே சங்கம் பெயராகிவிட்டது. அதன் பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவோரில் எத்தனை பேர் ஐந்திணை ஐம்பதை அறிவர் என்று கேட்பது வீண் வேலை. நான் அங்கு நடந்தபோது எண்ணியது வேறு. இந்நாளில் நம் ஊர்களில் இலக்கிய மன்றங்களுக்குக் குறைவில்லை. ஆண்டு விழா உண்டு, மேடை உண்டு, மாலையும் விருதும் உண்டு. விழா முடிந்த மறுநாள் காலையில் அங்கு யார் வருகிறார்? ஒரு மாணவி கேட்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்? ஓர் இளைஞன் முதன்முதலாக எழுதியதைப் படித்து, நன்மையும் பிழையும் எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்? இவை சிறு வேலைகள். பத்திரிகைச் செய்தியாகாத வேலைகள். மன்றத்தை நிறுத்துபவையோ இவைதாம்.

மீண்டும் அந்த மரப்பெட்டிக்கு வருகிறேன். 'செந்தமிழ்' இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கட்டுரை ஒன்றில், பெரும் புலவர் ஒருவர் ஒரு பழைய செய்யுளுக்குப் பொருள் கூறியிருந்த இடத்தில், பக்கத்து ஓரத்தில் என் பாட்டனாரின் கையெழுத்து இருந்தது. 'இப்பொருள் பொருந்தவில்லை. எங்கள் பக்கத்து நாற்றங்காலில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு' என்று எழுதி, அப்பொருளையும் குறித்திருந்தார். அதை அவர் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

ஆனால் என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பால பண்டிதத்தில் இருமுறை தவறிய ஓர் உழவர், நாடறிந்த புலவரோடு வழக்காடும் உரிமை தமக்கு உண்டென்று நம்பினார். அந்த நம்பிக்கையைத் தந்தது, திங்கள்தோறும் தவறாமல் அவர் திண்ணைக்கு வந்த அந்த இதழ். தேறிய பண்டிதர்களின் பெயர்களைச் சங்கத்தின் ஏடுகள் காக்கும். தேறாத என் பாட்டனாரைப் போன்றவர்கள் எத்தனை ஊர்களில் எத்தனை ஓரக்குறிப்புகளை எழுதி வைத்தார்களோ, அவற்றுக்குக் கணக்கில்லை. அவையும் அந்தச் சங்கத்தின் பணிகளில் அடங்கும் என்பதே நான் சொல்ல வந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும்; ஒரு நாள் திறந்து பாருங்கள்.